500 என்று மட்டும் சொன்னால் எப்படி? சர்வரில் ஓட மறுத்த ஒரு பழைய ப்ரோகிராம் பற்றி

போன மார்கழியில் ஒரு நாள் காலை அடையாறிலிருந்து அக்கா போன் செய்தார். சொந்த அக்கா இல்லை, எனக்குக் கல்லூரியில் இயற்பியல் எடுத்த சாருடைய மகள்.

"தம்பி, அப்பாவோட பக்கம் வரமாட்டேங்குது. ஐநூறுன்னு ஏதோ காட்டுது. ஹோஸ்டிங் கம்பெனிக்காரங்கள கேட்டா, எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குங்கறாங்க."

சார் மயிலாப்பூர்க்காரர். கிழக்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. ஓய்வு பெற்ற பிறகு கல்வெட்டுப் பித்து பிடித்துக்கொண்டது. 2001 வாக்கில் சி மொழியில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதி இணையத்தில் போட்டார். ஆங்கிலத் தேதியைக் கொடுத்தால் கிழமை, தமிழ் மாதம், திதி, நட்சத்திரம் நான்கையும் சொல்லும். கி.பி. 700 முதல் 1799 வரை. அந்த எல்லை அவராக வைத்தது இல்லை. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் சென்னை அரசு அச்சகத்தின் மூலம் வெளியிட்ட 'இந்தியன் எஃபிமெரிஸ்' அட்டவணைகளின் எல்லை அதுதான். கல்வெட்டில் "இன்ன மாதம், இன்ன கிழமை, இன்ன நட்சத்திரம்" என்று இருந்தால் அது நம் கணக்கில் எந்த நாள் என்று பிடிக்க, கல்வெட்டு படிப்பவர்கள் இன்றைக்கும் திறக்கிற புத்தகம் அது. சார் அதே வேலையை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடக்கியிருந்தார்.

சார் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. சோர்ஸ் கோடு இருந்த ஃப்ளாப்பி ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்தது, படிக்க முடியவில்லை. மிஞ்சியது ஒரு சிடியில் இருந்த, கம்பைல் செய்யப்பட்ட ஒரே ஒரு ஃபைல். அதை ஓட வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஓட வைக்க ஐந்து நாள் ஆனது. கோளாறு ஒன்றல்ல, நான்கு, ஒன்றின் பின்னால் ஒன்றாக ஒளிந்திருந்தன. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள் என்பதால், கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில், சர்வர் என்ன செய்கிறது?

சாதாரண வலைப்பக்கம் என்றால் வெப் சர்வருக்கு வேலை சுலபம். ஃபைலை எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் "இந்தத் தேதிக்கு என்ன திதி?" என்கிற கேள்விக்குப் பதில் ஃபைலாக இருக்காது. யாரோ கணக்குப் போட வேண்டும். அதற்காக 1993-இல் அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ நிறுவனத்து வெப் சர்வரோடு வந்த ஏற்பாடுதான் சிஜிஐ. சர்வர் வெளியே இருக்கும் ஒரு ப்ரோகிராமைத் தொடங்கும்; கேள்வியைச் சூழல் மாறிகளில் வைத்துக் கொடுக்கும்; அந்த ப்ரோகிராம் திரையில் அச்சிடுவதாக நினைத்து எதை எழுதுகிறதோ, அதை வாங்கி உங்கள் ப்ரௌசருக்கு அனுப்பும். 2004-இல் இது ஆர்எஃப்சி 3875 என்று முறையாக எழுதி வைக்கப்பட்டது.

தமிழ் படிக்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனை, நம்மில் பலர் முதலில் தேடியது சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில்தான். அந்தப் பழைய முகவரியில் 'சிஜிஐ-பின்' என்று ஒரு துண்டு இருக்கும். ஒவ்வொரு சொல்லைத் தேடும்போதும் அங்கே ஒரு பெர்ல் ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

நம்ம ஊரில் 'சர்வர்' என்றால் முதலில் ஞாபகம் வருவது ஹோட்டல் சர்வர். உண்மையில் இரண்டு பேரும் ஒரே வேலைதான் செய்கிறார்கள். தட்டில் தயாராக இருக்கிற வடையை உடனே கொண்டுவந்து வைத்துவிடுவார். ரவா தோசை என்றால் உள்ளே போய்ச் சொல்லி, போட்டு வாங்கி வர வேண்டும். உள்ளே கேஸ் தீர்ந்திருக்கலாம், மாஸ்டர் வராமல் இருக்கலாம், மாவு புளித்திருக்கலாம். அவர் வெளியே வந்து சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "இல்ல சார்."

அந்த "இல்ல சார்"தான் 500, இன்டர்னல் சர்வர் எரர். "உள்ளே ஏதோ சரியில்லை" என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. 500-ஐ உற்றுப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சமையலறைக்குள் போக வேண்டும். சமையலறை என்பது எரர் லாக்.

நாள் ஒன்று: 777 என்கிற தவறான மருந்து

எரர் லாக் எங்கே இருக்கும்? டெபியன், உபுண்டுவில் லாக் டைரக்டரிக்குள் அப்பாச்சி2 என்ற ஃபோல்டரில். ரெட் ஹாட் வகையறாவில் எச்டிடிபிடி என்ற ஃபோல்டரில். ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் கன்ட்ரோல் பேனலில் 'எரர்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். லாகை ஒரு ஜன்னலில் ஓட விட்டு, இன்னொரு ஜன்னலில் பக்கத்தை ரீலோட் செய்ய வேண்டும். அப்போது புதிதாக விழும் வரிதான் உங்களுடையது.

சாருடைய லாகில் வெறும் "எண்ட் ஆஃப் ஸ்க்ரிப்ட் அவுட்புட் பிஃபோர் ஹெடர்ஸ்" என்று இருந்தது. பழைய அப்பாச்சியில் இதையே "ப்ரீமெச்சூர் எண்ட் ஆஃப் ஸ்க்ரிப்ட் ஹெடர்ஸ்" என்று எழுதும். பொருள்: ப்ரோகிராமிடமிருந்து ஒழுங்கான பதில் எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இந்த வரியில் இருக்காது. பெரும்பாலும் இதற்கு முந்தைய வரியில் இருக்கும். முந்தைய வரியும் இல்லாவிட்டால் 'எஸ்யுஎக்ஸெக்' லாகைப் பார்க்க வேண்டும்.

எஸ்யுஎக்ஸெக் என்பது அப்பாச்சியின் காவல்காரர். ஒரே மெஷினில் நூறு பேர் தளம் வைத்திருக்கும்போது, உங்கள் ப்ரோகிராமை உங்கள் பெயரில் மட்டும் ஓட்டுவதற்காக இருப்பவர். ஓட்டுவதற்கு முன்னால் பெரிய பட்டியல் வைத்துச் சோதிப்பார். அதில் ஒரு விதி: அந்த ஃபைலிலோ அது இருக்கும் டைரக்டரியிலோ உரிமையாளர் தவிர வேறு யாரும் எழுத முடியக்கூடாது. அவருடைய லாகில் தெளிவாக இருந்தது: வேறு ஆட்கள் எழுதக்கூடிய ஃபைல், ஓட்ட மாட்டேன்.

அக்காவிடம் கேட்டேன். "ஆமாம்ப்பா, கம்பெனியில ஒரு பையன் போன்ல, 777 குடுத்துப் பாருங்கன்னு சொன்னான்."

அங்கேதான் வினை. 777 என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். ஏதாவது ஓடவில்லை என்றால் 777 கொடு என்பது நம்மவர்களுக்குப் பாட்டி வைத்தியம் மாதிரி ஆகிவிட்டது. இங்கே மருந்தே நோய். ஃபைலுக்கும் டைரக்டரிக்கும் 755 கொடுத்தேன். அந்த வரி போய்விட்டது.

பர்மிஷன் விஷயத்தில் இன்னும் சில பொறிகள் உண்டு. ஃபைலுக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது. அதுவரை போகிற வழியில் இருக்கிற எல்லா டைரக்டரிக்கும் 'உள்ளே போகும்' அனுமதி வேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் ஹோம் டைரக்டரி 750 என்றுதான் உருவாகிறது. உங்கள் ஹோமுக்குள் ப்ரோகிராமை வைத்தால் வெப் சர்வரின் பயனர் கதவைத் தாண்டியே வர முடியாது, 403 வரும். ரெட் ஹாட் வகையறாவில் பர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் எஸ்இலினக்ஸைச் சந்தேகியுங்கள். அந்த டிஸ்க் பகுதி 'நோஎக்ஸெக்' என்று மவுண்ட் ஆகியிருந்தாலும் எந்த ஃபைலும் நேரடியாக ஓடாது.

நாள் இரண்டு: இருக்கிற ஃபைலை இல்லை என்று சொல்லும் கம்ப்யூட்டர்

அடுத்து வந்த வரி என்னை ஒரு நாள் முழுக்கச் சுற்ற விட்டது. "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி." அப்படி ஒரு ஃபைலே இல்லையாம். பட்டியல் போட்டால் கண்ணெதிரே இருக்கிறது, அளவு தெரிகிறது, தேதி தெரிகிறது. ஓட்டினால் இல்லை என்கிறது.

இது பொய் இல்லை. இல்லாதது நம் ஃபைல் அல்ல, அதை ஓட்டுவதற்குத் தேவையான இன்னொரு ஃபைல். எது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் சொல்வதில்லை.

லினக்ஸில் ஒரு பைனரி ஃபைலின் உள்ளே, "என்னை நினைவகத்தில் ஏற்ற இந்த லோடரைக் கூப்பிடு" என்று ஒரு பாதை எழுதியிருக்கும். சார் கம்பைல் செய்தது 32-பிட் காலம். ஹோஸ்டிங் கம்பெனி புது மெஷினுக்கு மாறியபோது 64-பிட் மட்டும் வைத்துக்கொண்டு, 32-பிட் லோடரையும் நூலகங்களையும் எடுத்துவிட்டது. தளம் நின்றுபோனதற்கு உண்மையான காரணம் இதுதான். 777 எல்லாம் அதற்கு அப்புறம் சேர்ந்தது. 'ஃபைல்' என்ற கட்டளையைச் சாருடைய பைனரி மேல் ஓட்டியதும் '32-பிட், இன்டெல் 80386' என்று பதில் வந்தது. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

இதே செய்தி ஸ்க்ரிப்ட் எழுதுபவர்களுக்கு வேறொரு காரணத்தால் வரும். ஸ்க்ரிப்டின் முதல் வரியில் #! போட்டு பெர்ல் அல்லது பைத்தானின் பாதையை எழுதுகிறோம். விண்டோஸில் எழுதி ஏற்றினால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். கெர்னல் 'பெர்ல்' என்பதைத் தேடாமல், அந்த ஒட்டுண்ணியையும் சேர்த்து ஒரு பெயராக எடுத்துக்கொண்டு தேடும். கிடைக்காது. நீங்கள் எத்தனை முறை படித்தாலும் வரி சரியாகத்தான் தெரியும். 'டாஸ்2யுனிக்ஸ்' கட்டளை ஒரு நொடியில் சரி செய்துவிடும். இதற்கு நேர்மாறாக, பைனரி ஃபைலை எஃப்டிபியில் 'ஆஸ்கி' முறையில் ஏற்றினால் ஃபைலே சிதைந்துவிடும். ஏற்றியதும் இரண்டு பக்கமும் எம்டி5 எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

"எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று வந்தால் கதை வேறு. ஃபைல் இருக்கிறது, ஆனால் இந்த மெஷினுக்குப் புரியும் வடிவத்தில் இல்லை. இன்டெல் பைனரியை ஏஆர்எம் சர்வரில் வைத்திருப்பீர்கள். அல்லது #! வரியே இல்லாமல் இருக்கும். நோட்பேடில் சேமித்தபோது முதல் எழுத்துக்கு முன்னால் 'பிஓஎம்' என்ற குறி ஏறியிருந்தாலும் இதே கதைதான். தமிழ் எழுத்து இருக்கும் ஸ்க்ரிப்டைப் பழைய நோட்பேடில் யுடிஎஃப்-8 ஆகச் சேமித்த நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடந்தது.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் 32-பிட் நூலகம் போட்டுத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன விபிஎஸ் எடுத்து, டெபியன் போட்டு, ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, அதற்கான சி நூலகத்தை நிறுவினேன். கமாண்ட் லைனில் ப்ரோகிராம் ஓடியது. இருபது வருஷப் பழைய பைனரி ஒரு தூசு கூடத் தட்டாமல் எழுந்து உட்கார்ந்ததைப் பார்க்கும்போது கொஞ்சம் சிலிர்ப்பாகத்தான் இருந்தது.

ஆனால் ப்ரௌசரில்? மறுபடியும் 500.

நாள் மூன்று: என் கையில் ஓடுகிறது, அவன் கையில் ஓடவில்லை

இந்த விஷயத்தில் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம் இதுதான்: "கமாண்ட் லைன்ல ஓடுது சார், வெப்ல மட்டும் ஓடல." நாம் ஓட்டும்போது அந்த ப்ரோகிராம் நம் பெயரில், நம் ஹோம் டைரக்டரியை அறிந்து, நம் பாத் மாறி, நம் மொழி அமைப்பு எல்லாவற்றோடும் ஓடுகிறது. வெப் சர்வர் ஓட்டும்போது அதே ப்ரோகிராம் வேறொரு பயனரின் பெயரில், கிட்டத்தட்ட வெறுங்கையோடு, தெரியாத ஊரில் நிற்கிறது.

ஆகவே சோதனையும் அப்படியே செய்ய வேண்டும். 'சூடோ' கட்டளையில் வெப் சர்வரின் பயனர் பெயரைக் கொடுங்கள் (டெபியனில் டபிள்யுடபிள்யுடபிள்யு-டேட்டா). 'என்வ்' கட்டளைக்குச் சூழலைக் காலி செய்துவிட்டு ஓட்டும் விருப்பம் உண்டு. அதையும் சேர்த்து, கேள்வி மாறியை மட்டும் கையால் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். வெப்பில் வரும் தவறு பெரும்பாலும் கண்ணெதிரே வந்துவிடும்.

வந்தது. ப்ரோகிராம் ஒன்றும் சொல்லாமல் வெளியேறியது. 'எஸ்ட்ரேஸ்' வைத்துப் பார்த்தால், ஓர் அட்டவணை ஃபைலைத் திறக்கப் போய், கிடைக்காமல் நின்றிருக்கிறது. பாதை 2001-இல் சாருடைய கம்ப்யூட்டரில் இருந்த ஹோம் டைரக்டரி. பைனரிக்குள்ளேயே அப்படி எழுதியிருந்தார். என் கையில் ஓடியதற்குக் காரணம், அதே பாதையை நான் எனக்கு மட்டும் திறக்கும்படி முந்தின நாள் ராத்திரி உருவாக்கிவிட்டு, தூக்கக் கலக்கத்தில் மறந்திருந்தேன். அந்த டைரக்டரிக்கு 755, உள்ளே இருந்த அட்டவணைக்கு 644. ஓடியது.

இந்தக் கட்டத்தில் வேறு சிலருக்கு வேறு விதமாக இருக்கும். வெளி நூலகம் கிடைக்காவிட்டால் "எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்" என்று, நூலகத்தின் பெயரோடு நேர்மையாகச் சொல்லிவிடும். பைத்தான் 3.6-உம் அதற்கு முந்தையதும் வைத்திருந்தால், மொழி அமைப்பு இல்லாத சூழலில் ஒரு தமிழ் எழுத்தை அச்சிடப் போனாலே யுனிகோட் எரர் போட்டு விழும், 3.7-இலிருந்து இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. பைத்தானின் பழைய 'சிஜிஐ' தொகுப்பு 3.13-இல் நீக்கப்பட்டேவிட்டது. நேற்று வரை ஓடிய ஸ்க்ரிப்ட் அப்கிரேடுக்குப் பின் விழுந்தால் அதையும் பாருங்கள்.

ப்ரோகிராம் ஓடியும் 500 வந்தால் பதிலின் தலைப்பைப் பாருங்கள். முதலில் 'கன்டென்ட்-டைப்' வரி, பிறகு ஒரு காலி வரி, அதன் பிறகுதான் மற்றவை. காலி வரி விட்டுப்போனாலும், தலைப்புக்கு முன்னால் வேறு எதையாவது அச்சிட்டாலும் போச்சு. சி-யில் ஒரு நுணுக்கம் உண்டு. தலைப்பை 'பிரின்ட்எஃப்' செய்துவிட்டு, 'சிஸ்டம்' மூலம் இன்னொரு கட்டளையை ஓட்டினால், டெர்மினலில் வரிசை சரியாக வரும். சர்வரில் தலைப்பு பஃபரிலேயே தங்கி, அந்தக் கட்டளையின் வெளியீடு முந்திக்கொள்ளும். 'எஃப்ஃப்ளஷ்' ஒன்று போட்டால் சரியாகிவிடும்.

500 இல்லை, வேறு எண் என்றால்

சர்வரின் பங்கையும் ப்ரோகிராமின் பங்கையும் பிரித்துப் பார்க்க எளிய வழி: தலைப்பு, காலி வரி, 'வணக்கம்' என்ற மூன்றை மட்டும் அச்சிடும் ஒரு குட்டி ஷெல் ஸ்க்ரிப்டை அதே டைரக்டரியில் வையுங்கள். அது ஓடினால் கோளாறு உங்கள் ப்ரோகிராமில். அதுவும் ஓடாவிட்டால் சர்வர் அமைப்பில். எண்களும் கொஞ்சம் வழி சொல்லும்:

403: பர்மிஷன், அல்லது அந்த டைரக்டரியில் எக்ஸெக்சிஜிஐ அனுமதி இல்லை.

404: பாதை தவறு. விண்டோஸ் ஐஐஎஸ்-இல் 404.2 என்றால், உங்கள் எக்ஸ்ஈ ஃபைலை அனுமதிப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ப்ரோகிராம் ஓடாமல் ஃபைலாக டவுன்லோட் ஆகிறது, அல்லது கோடு அப்படியே திரையில் தெரிகிறது: இது ஓட்ட வேண்டிய ஃபைல் என்றே சர்வருக்குத் தெரியவில்லை. உடனே சரி செய்யுங்கள். உள்ளே பாஸ்வேர்டு இருந்தால் ஊருக்கே தெரிகிறது.

502: என்ஜின்எக்ஸ் தானாக சிஜிஐ ஓட்டாது, இடையில் எஃப்சிஜிஐராப் போன்ற ஒன்று வேண்டும். அது ஓடவில்லை என்றால் இந்த எண். ஐஐஎஸ்-இல் 502.2 என்றால், ப்ரோகிராம் முழுமையான தலைப்பு தரவில்லை.

504: ப்ரோகிராம் நேரத்துக்குள் முடிக்கவில்லை. அப்பாச்சியில் இயல்பான பொறுமை 60 விநாடி.

நாள் நான்கு: ஓடியது, ஆனால் என்ன மொழி இது?

பக்கம் வந்தது. 200, ஓகே. ஆனால் திரை முழுக்கக் கேள்விக்குறியும் ஐரோப்பிய எழுத்துகளும். இதை எரர் என்று எந்த லாகும் சொல்லாது. ஆனால் பயன்படுத்துகிறவருக்கு இதுவும் 500-உம் ஒன்றுதான்.

சார் எழுதிய காலத்தில் இணையத் தமிழ் யுனிகோடுக்கு முழுதாக வரவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டேப், டேம் குறியீடுகளை அறிவித்தது; உலகத் தமிழர்களிடையே டிஸ்கி ஏற்கெனவே பரவியிருந்தது. சார் டிஸ்கிகாரர். அந்த எழுத்துரு இன்று யாரிடமும் இல்லை.

நல்லவேளையாக, லினக்ஸின் சி நூலகத்தில் டிஸ்கியை யாரோ மறக்காமல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 'ஐகான்வ்' கட்டளை டிஸ்கியை வாங்கி யுடிஎஃப்-8 ஆக மாற்றித் தரும். சாருடைய பைனரியைத் தொடாமல், அதைக் கூப்பிட்டு வெளியீட்டை ஐகான்வுக்குள் விடும் நான்கு வரி ஸ்க்ரிப்ட் ஒன்றை முன்னால் நிறுத்தினேன். பக்கத்தின் உள்ளே 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' என்று பழைய குறியீட்டுப் பெயர் இருந்தது. சர்வர் தன் தலைப்பில் யுடிஎஃப்-8 என்று சொன்னால் ப்ரௌசர் அதைத்தான் மதிக்கும். அப்பாச்சியில் ஒரு வரி அமைப்பு.

தமிழ் வந்தது. அக்காவுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். "அப்பாவோட வார்த்தைதான். 'தேதியைச் சரிபார்த்து இடவும்'னு அவர்தான் எழுதுவார்" என்று பதில் போட்டார்.

நாள் ஐந்து: ஓட்டத்தான் வேண்டுமா?

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் ராத்திரி ஒரு கவலை வந்தது. சோர்ஸ் இல்லாத, யாரும் திருத்த முடியாத ஒரு ப்ரோகிராமை, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உள்ளிடும்படி திறந்து வைப்பது சரியா?

சிஜிஐ வரலாற்றில் இதற்குப் பாடம் உண்டு. என்சிஎஸ்ஏ சர்வரோடு உதாரணத்துக்கு வந்த 'பிஎச்எஃப்' என்ற தொலைபேசிப் புத்தக ப்ரோகிராம், 1996-இல் சர்வரையே கைப்பற்றும் வழியாக மாறியது. 2014 செப்டம்பரில் 'ஷெல்ஷாக்' வந்தபோது பிழை பாஷ் ஷெல்லில்தான் இருந்தது. ஆனால் வெளியாட்கள் அனுப்பும் தலைப்புகளை சிஜிஐ அப்படியே சூழல் மாறிகளாக உள்ளே கொடுப்பதால், பாஷ் எழுதிய சிஜிஐ ஸ்க்ரிப்டுகள் வாசலாகிப் போயின. சார் நல்லவர்தான், ஆனால் 2001-இல் சி எழுதியவர்களில் எத்தனை பேர் உள்ளீட்டின் நீளத்தைச் சோதித்தார்கள்?

அப்போதுதான் சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் புத்தகம் வேறு மாதிரி தெரிந்தது. அவர் என்ன செய்தார்? ஒவ்வொருவரும் கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம் என்று, ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் முன்கூட்டியே போட்டு அச்சிட்டுவிட்டார். புத்தகத்துக்கு 500 வராது.

கேள்விகள் எண்ணிவிடக்கூடியவை. 700 ஜனவரி 1 முதல் 1799 டிசம்பர் 31 வரை எல்லாத் தேதிகளும் சேர்த்து 4,01,775. ஒரு நாளைக்கு ஒரு முறை என்று சாருடைய ப்ரோகிராமை என் கம்ப்யூட்டரில், நெட்டிலிருந்து துண்டித்து, ஓட்டினேன். தி. நகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து பனகல் பார்க் பக்கம் போய்ச் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் முடிந்திருந்தது.

சரியாக 11 தேதிகளுக்கு மட்டும் வெற்றுப் பதில். எல்லாம் ஒரே மாதம்: 1752 செப்டம்பர் 3 முதல் 13 வரை. ஏதோ சிதைந்துவிட்டது என்று பயந்தேன். பிறகு புரிந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் பழைய ஜூலியன் காலண்டரிலிருந்து கிரிகோரியனுக்கு மாறியது அந்த மாதம்தான். செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் இருக்கும் 11 நாளும் கிடையாது. சார் அதை அறிந்து, பதில் இல்லாமல் வெளியேறும்படி எழுதியிருக்கிறார். யாராவது அந்தத் தேதியைக் கேட்டிருந்தால் 500 வந்திருக்கும். இருபது வருஷத்தில் யாராவது கேட்டார்களா என்று தெரியாது.

மீதி 4,01,764 நாளும் இப்போது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள், வருஷத்துக்கு ஒன்று. முப்பது நாளை அங்கங்கே எடுத்து 'எஃபிமெரிஸ்' ஸ்கேனோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போயின. சர்வர் இனி எதையும் ஓட்ட வேண்டாம், எடுத்துக் கொடுத்தால் போதும்.

எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. பழைய பக்கத்தில் தேதி கொடுத்தால் நட்சத்திரம் வரும். ஆனால் கல்வெட்டு படிப்பவருக்குக் கையில் இருப்பது நட்சத்திரமும் கிழமையும்தான்; தேவைப்படுவது தேதி. இப்போது எல்லா நாளும் வரி வரியாக இருப்பதால், "புதன்கிழமையும் ரோகிணியும் சேர்ந்த நாள்" என்று ஃபைலுக்குள் தேடினாலே போதும்.

உங்கள் சர்வரில் 500 வந்தால் எரர் லாகைத் திறங்கள், 777 கொடுக்காதீர்கள், சர்வரின் பெயரில் வெறுங்கையோடு ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியானதும், இதை ஓட்டத்தான் வேண்டுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். சோர்ஸ் கோடை ஃப்ளாப்பியோடு விட்டுவிடாமல் வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அந்தப் பழைய ஃபைலையும் கூட வை, தம்பி. ஓடலேன்னாலும் பரவாயில்ல." வைத்திருக்கிறேன். பர்மிஷன் 644.